இனுயிட் அமைப்பில் ஃபீல்டு ஒர்க்: கனடா போகும் கொங்குப் பிள்ளைகளுக்கு

ஒட்டாவா பக்கம் சோஷியல் ஒர்க் படிக்கப் போகிற நம்ம ஊர்ப் பிள்ளைகளில் சிலருக்கு, பிளேஸ்மென்ட் (படிப்போடு சேர்ந்த ஃபீல்டு ஒர்க்) பட்டியலில், கனடாவின் வடகோடிப் பழங்குடிகளான இனுயிட் மக்களின் அமைப்பு ஒன்றின் பெயரைப் பார்த்ததும் அதன் மேல் தனி ஆசை வந்துவிடுகிறது. ஆனைகட்டி, தாளவாடி, பர்கூர் மலை என்று இங்கேயே ஃபீல்டு ஒர்க் போனவர்கள் அவர்கள். பழங்குடி மக்களோடு ஏற்கெனவே வேலை செய்திருக்கிறோமே என்ற தைரியம் இருக்கும். ஆசை நல்லதுதான். அந்தத் தைரியத்தில் பாதியை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் என்றால், நாம் பழகிய முறை வேறு. ரூரல் கேம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தேதியும் தலைப்பும் காலேஜில் முடிவாகும், வேன் பேசி, ஃப்ளெக்ஸ் அடித்து, அரிசி பருப்பு மூட்டையோடு மலையில் போய் இறங்குவோம். மூப்பனிடம் முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள், ஆனால் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இடம் இருந்ததா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கோலப்பொடியில் ஊர் வரைபடம் போடுவோம், வீடு வீடாகக் கணக்கெடுப்போம், கடைசி நாள் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். அந்த இருளர் வீடுகளும் சோளகர் வீடுகளும் பதில் சொன்ன தாள்கள் பிறகு எங்கே போயின என்பது அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. இந்தப் பழக்கத்தோடு இனுயிட் அமைப்புக்குள் போனால் முதல் வாரமே சங்கடம்தான். அங்கே நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் இனுயிட், திட்டம் போடுகிறவர்கள் இனுயிட், உங்களைச் சேர்த்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்களும் அவர்கள்தான். நீங்கள் போவது அவர்களுடைய வேலையில் ஒரு கையாக இருக்க.

முதலில் யார், எங்கே என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பள்ளிப் புத்தகத்தில் எஸ்கிமோ என்று படித்திருப்போம், அந்தப் பெயரை அங்கே வாயில் எடுக்கக் கூடாது. இனுயிட் என்றால் மக்கள், ஒருவரைச் சொல்லும்போது இனுக். 2021 கணக்கெடுப்புப்படி கனடாவில் சுமார் 70,500 இனுயிட் இருக்கிறார்கள், பத்துப் பேரில் ஏழு பேர் சொந்த நிலத்திலேயே வாழ்கிறார்கள். அந்த நிலத்துக்கு இனுயிட் நுனங்காட் என்று பெயர், அதில் இனுவியாலுயிட், நுனாவுட், நுனாவிக், நுனட்சியாவுட் என்று நான்கு பகுதிகள். நுனாவுட் 1999 ஏப்ரல் 1 அன்று தனி ஆட்சிப்பகுதியானது. அப்புறம், கனடாவின் பூர்வகுடிகளில் இனுயிட் வேறு, ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் வேறு, மெட்டி வேறு. 1982 அரசியல் சட்டத்தின் 35-ஆம் பிரிவு மூன்றையும் தனித்தனியாகத்தான் சொல்கிறது. இதைச் சும்மா பொது அறிவுக்காகச் சொல்லவில்லை. வகுப்பில் ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் பற்றிப் படித்துவிட்டு, மூலிகைப் புகை போடுவது, மருத்துவச் சக்கரம் என்று இனுயிட் குழந்தைகள் நிகழ்ச்சிக்குத் திட்டம் எழுதிக்கொண்டு போகும் மாணவர்கள் உண்டு. அது இவர்களுடைய வழக்கம் இல்லை. ரிசர்வ் என்று சொல்லப்படும் குடியிருப்பு நிலமும் இவர்களுக்குக் கிடையாது.

பிளேஸ்மென்ட் என்றால் பனிக்கட்டி மேல் நடப்பது என்று நினைத்துவிடாதீர்கள். நுனாவுட்டில் 25 ஊர்கள், ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் சாலை கிடையாது, விமானம்தான். கனத்த சாமான்கள் எல்லாம் கோடையில் கடல் திறக்கும்போது கப்பலில் வரும். ஒட்டாவாவிலிருந்து தலைநகர் இக்காலுயிட்டுக்குச் சுமார் மூன்று மணி நேரப் பறப்பு. வீட்டுப் பற்றாக்குறை அங்கே கடுமையானது, ஒரே வீட்டில் மூன்று தலைமுறை நெருக்கிக்கொண்டு இருக்கும்போது மாணவருக்கு அறை தேடுவது நியாயமும் இல்லை. தங்கும் இடத்தை அமைப்பே எழுத்தில் உறுதி செய்தால் மட்டும் வடக்கே போவதைப் பற்றி யோசியுங்கள்.

மற்றவர்களுக்கு ஒட்டாவாதான் சரி. இனுயிட் நிலத்துக்கு வெளியே இனுயிட் மக்கள் அதிகம் வாழும் நகரம் அது. நுனாவுட்டின் கிழக்குப் பகுதியில் பெரிய நோய், சிக்கலான பிரசவம் என்றால் ஒட்டாவாவுக்குத்தான் விமானத்தில் அனுப்புகிறார்கள். அப்படி வருகிற நோயாளிகள் தங்குவதற்கு லார்கா பாஃபின் என்று ஒரு விடுதியே இருக்கிறது. 1987-இல் தொடங்கிய துங்காசுவ்விங்கட் இனுயிட், குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்குமான இனூகாதிகீட் மையம், 1984-இலிருந்து இயங்கும் பௌக்டூடிட் என்ற பெண்கள் அமைப்பு, 1971-இல் உருவான இனுயிட் தாபிரீட் கனாடாமி என்ற தேசிய அமைப்பு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. முதல் இரண்டும் நேரடியாகக் குடும்பங்களோடு வேலை செய்கிறவை, கடைசி இரண்டும் பெரும்பாலும் கொள்கை வேலை. உங்களுக்கு எது ஒத்துவரும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள், பெயர் பெரியதா என்று பார்த்து வேண்டாம்.

நீங்களாக நாலு அமைப்புக்கு மெயில் தட்டாதீர்கள். பல்கலைக்கழகத்தில் ஃபீல்டு கோ-ஆர்டினேட்டர் இருப்பார், அவர் வழியாகத்தான் போக வேண்டும். சிறிய அமைப்புகள், நாலைந்து பேர் நாற்பது பேர் வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள், தனித்தனி மெயிலுக்குப் பதில் எழுத அவர்களுக்கு நேரம் இல்லை. விண்ணப்பக் கடிதத்தில் பழங்குடிப் பண்பாட்டின் மேல் எனக்குச் சிறுவயதிலிருந்தே ஆர்வம் என்று ஆரம்பிக்க வேண்டாம். என்ன செய்யத் தெரியும் என்று எழுதுங்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அனுபவம், கணக்கு, எக்ஸெல், பத்துப் பேருக்குச் சமையல், கார் ஓட்டும் லைசென்ஸ். நம்ம வீடுகளில் கல்யாணம் காதுகுத்து என்று ஐம்பது பேர் பந்தி பரிமாறி வளர்ந்தவர்கள்தானே நீங்கள், அதை ஒரு திறமையாக எழுத வெட்கப்படாதீர்கள், சமுதாய சமையலறை நடத்துகிற அமைப்புக்கு அது உண்மையிலேயே தேவை.

எத்தனை மணி நேரம் என்பதைக் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். கனடாவில் சோஷியல் ஒர்க் இளநிலைப் பட்டமான பி.எஸ்.டபிள்யூ.வுக்குக் குறைந்தது 700 மணி நேரம், பி.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு முதுநிலையான எம்.எஸ்.டபிள்யூ. போனால் 450, வேறு டிகிரியிலிருந்து எம்.எஸ்.டபிள்யூ. வந்தால் 900. பெரும்பாலும் சம்பளம் கிடையாது. ஊரில் தோட்டத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கி அனுப்பியிருப்பார்கள், பகுதி நேர வேலையை விட முடியாது, ஆகவே பிளேஸ்மென்ட் தொடங்குவதற்கு முந்தைய செமஸ்டரிலேயே பணத்தைச் சேர்த்து வையுங்கள். பிளேஸ்மென்ட்டுக்கான வேலை அனுமதி விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ஊர்க்காரர் வாட்ஸ்அப் குழுவில் கேட்காமல், பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காகிதங்களில் இரண்டு முக்கியம். ஒன்று, குழந்தைகள், முதியோரோடு வேலை செய்பவர்களுக்கான போலீஸ் சரிபார்ப்பு. அது கனடாவில் நீங்கள் குடியிருக்கும் ஊர் போலீஸிடம் வாங்குவது, வாரக்கணக்கில் ஆகலாம். சில இடங்களில் இந்தியாவிலிருந்தும் போலீஸ் சான்றிதழ் கேட்பார்கள், ஊரில் இருக்கும்போதே கோவை பாஸ்போர்ட் அலுவலகம் மூலமாக வாங்கி வைத்தால் அலைச்சல் மிச்சம்.

இன்னொன்று காசநோய்ப் பரிசோதனை. கையில் ஊசி போட்டு இரண்டு மூன்று நாளில் தடிப்பை அளப்பார்கள். நமக்கெல்லாம் பிறந்தவுடன் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால் தடிப்பு வர வாய்ப்பு உண்டு, பயப்பட வேண்டாம், அடுத்து ரத்தப் பரிசோதனையோ நெஞ்சு எக்ஸ்ரேயோ எடுக்கச் சொல்வார்கள். தோளில் இருக்கும் தழும்பைக் காட்டி முதலிலேயே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். இதை வெறும் ஃபார்மாலிட்டி என்று நினைத்து இழுத்தடிக்காதீர்கள், இனுயிட் மக்களுக்கும் காசநோய்க்கும் உள்ள கதை தெரிந்தால் அப்படி நினைக்க மாட்டீர்கள்.

பெருந்துறை சானடோரியம், அதாவது காசநோய் ஆஸ்பத்திரி என்றால் நம்ம பக்கத்தில் வயதானவர்களுக்குத் தெரியும். பாட்டனையோ பெரியப்பனையோ அங்கே சேர்த்திருந்தால், வீட்டிலிருந்து யாராவது பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், செத்தால் உடலைக் கொண்டுவந்து ஊரில் எடுத்துப் போடலாம். இனுயிட்டுக்கு அந்த வழி இருக்கவில்லை. 1950-இலிருந்து சி.டி. ஹோவ் என்ற அரசுக் கப்பல் ஒவ்வொரு கோடையிலும் வடக்குக் கரைகளுக்கு வந்தது. கப்பலில் ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள், நோய் என்று தெரிந்தால் பலரைக் கரைக்குத் திரும்பிப் போய்ச் சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை, அப்படியே தெற்கே சானடோரியத்துக்கு. 1950-களின் நடுவில் ஏழில் ஓர் இனுக் தெற்கே மருத்துவமனையில் இருந்தார். பலர் வருடக்கணக்கில் இருந்தார்கள், குழந்தைகள் தாய்மொழியை மறந்து திரும்பினார்கள், சிலர் திரும்பவே இல்லை, எங்கே புதைத்தார்கள் என்று வீட்டுக்குச் சொல்லவும் இல்லை. 2019 மார்ச்சில் அப்போதைய பிரதமர் ட்ரூடோ இக்காலுயிட்டுக்குப் போய் இதற்கு மன்னிப்புக் கேட்டார். புதைத்த இடங்களைக் குடும்பங்களுக்குத் தேடிக் கொடுக்கும் வேலை நனிலாவுட் என்ற பெயரில் நடக்கிறது. இப்போது உங்கள் முன்னால் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்குப் போக யோசிக்கிற பாட்டியை நினைத்துப் பாருங்கள். அவரைப் படிக்காதவர், விழிப்புணர்வு இல்லாதவர் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடாதீர்கள். அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

இதோடு இன்னும் சிலவற்றைப் படித்துவிட்டுப் போங்கள். 1953-இலும் 1955-இலும் இனுக்ஜுவாக் ஊர்க் குடும்பங்களைச் சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய் இறக்கியது, அதற்கு 2010-இல் அரசு கேட்ட மன்னிப்பு. 1941-இலிருந்து பெயருக்குப் பதிலாக ஆளுக்கொரு எண் போட்ட வட்டு கொடுத்தது. சறுக்கு வண்டி நாய்கள் சுட்டுக் கொல்லப்பட்டது பற்றி மக்களே சாட்சி சொன்ன கிகிக்தானி உண்மை ஆணையம். குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகள். இதெல்லாம் கல்யாண வயதில் பேரன் பேத்தி இருப்பவர்களுடைய சொந்த வாழ்க்கையில் நடந்தவை. இன்றைக்கும் பாருங்கள், 2021 கணக்குப்படி கனடாவில் 14 வயது வரையிலான குழந்தைகளில் பூர்வகுடிக் குழந்தைகள் 7.7 சதவீதம், வளர்ப்பு வீடுகளில் இருப்பவர்களில் 53.8 சதவீதம். குழந்தையை வீட்டிலிருந்து எடுத்துப் போகிறவர் யார்? சோஷியல் ஒர்க்கர். நீங்கள் படிப்பது அந்தப் படிப்புதான். கதவைத் திறந்த அம்மா உங்களிடம் பேசாமல் நிற்பதற்கு நீங்கள் காரணம் இல்லை, ஆனால் நீங்கள் கழுத்தில் மாட்டியிருக்கும் அடையாள அட்டை காரணம்.

முதல் மாதம்

கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். நம்ம காலேஜில் கேள்வி கேட்கிற மாணவர்தான் ஆர்வமுள்ள மாணவர். இனுயிட்டின் அறிவு மரபில் பிலிம்மக்சர்னிக் என்று ஒரு கோட்பாடு உண்டு: பார்த்து, கூடவே இருந்து, கையால் செய்து திறமையை வளர்த்துக்கொள்வது. நுனாவுட் அரசே தன் வேலைகளுக்கு அடிப்படையாக வைத்திருக்கிற கோட்பாடுகளில் இது ஒன்று. ஆகவே ஒருவர் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தால், இது என்ன, ஏன் இப்படி என்று நச்சரிக்காமல் பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவுங்கள். அடுத்த வாரம் மாவு உங்கள் கைக்கு வரும். டீ போடுவது, நாற்காலி அடுக்குவது, உணவுப் பொட்டலம் கட்டுவது, குழந்தைகளைப் பேருந்தில் ஏற்றுவது, இதெல்லாம்தான் முதல் மாதத்து ஃபீல்டு ஒர்க். லாக் புக்கில் எழுத ஒன்றுமில்லையே என்று தோன்றும். அந்த டீ மேசையில் யார் யாரோடு உட்கார்கிறார்கள், யார் வந்து பத்து நிமிஷத்தில் போய்விடுகிறார்கள் என்று கவனித்தால் எழுத நிறைய இருக்கும்.

முகத்தைப் பார்க்கப் பழகுங்கள். இனுயிட் பலர் ஆமாம் என்பதற்குப் புருவத்தை உயர்த்துவார்கள், இல்லை என்பதற்கு மூக்கைச் சுருக்குவார்கள். வாயால் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆறு வயதுப் பையனிடம் ஜூஸ் வேணுமா என்று கேட்கிறீர்கள், அவன் புருவத்தை ஒரு கணம் தூக்கி இறக்குகிறான், நீங்கள் கவனிக்காமல் மறுபடியும் கேட்கிறீர்கள், அவன் மறுபடியும் தூக்குகிறான், மூன்றாவது தடவை கேட்பதற்குள் பதில் சொல்லியாச்சே என்று போய்விடுகிறான். அதே மாதிரி நாம் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிச் சரி என்போமே, அது அவர்களுக்கு ஒன்றும் புரியாது. வாயால் சொல்லிவிடுங்கள்.

பேச்சுக்கு நடுவில் வரும் மௌனத்தை நிரப்பாதீர்கள். ஒரு பெரியவர் பேசி நிறுத்தினால் முடித்துவிட்டார் என்று அர்த்தமில்லை. மனதுக்குள் மெதுவாக ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுங்கள். கூட்டங்களிலும் கை தூக்கி ஓட்டெடுத்து முடிக்க மாட்டார்கள், எல்லோரும் ஒத்துவரும் வரை பேசுவார்கள், அதற்கு நேரமாகும்.

எப்படிக் கூப்பிடுவது என்பது நம்ம பிள்ளைகளுக்கு ஒரு பெரிய தயக்கம். அறுபது வயது அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு எழாது, அதனால் மேடம், சார் என்று ஆரம்பித்துவிடுவார்கள். அது அதிகாரிகளைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். உங்களை நான் எப்படிக் கூப்பிடட்டும் என்று நேராகக் கேளுங்கள், அவரே சொல்வார். கேஸ் ஒர்க்கில் ஜீனோகிராம் என்ற குடும்ப உறவுப் படம் வரையும்போது இன்னொன்று வரும். இறந்தவருடைய பெயரைப் பிறக்கும் குழந்தைக்கு வைப்பது இனுயிட் வழக்கம், பெயரோடு அந்த உறவும் சேர்ந்து வரும். தன் அப்பாவின் பெயரை வைத்த மூன்று வயது மகனை ஓர் அம்மா அப்பா என்றே கூப்பிடலாம். அது பேச்சுக்குச் சொல்வது இல்லை, உறவாகவே நடத்துவார்கள். உங்கள் படத்தில் கோடு சரியாக வரவில்லை என்பதற்காக அவரைத் திருத்தாதீர்கள். இரண்டு உறவையும் எழுதிவிட்டு, சூப்பர்வைசரிடம் காட்டுங்கள்.

சாப்பாடு. விசேஷ நாளில் தரையில் அட்டைப்பெட்டியை விரித்து, உறைந்த கரிபூ மானிறைச்சியோ ஆர்க்டிக் சார் மீனோ வைத்து, ஊலு என்ற அரைவட்டக் கத்தியால் சீவிச் சீவிப் பச்சையாகச் சாப்பிடுவார்கள். சீல் இறைச்சியும் வரும். வடக்கிலிருந்து யாரோ சொந்தக்காரர் விமானத்தில் கொடுத்தனுப்பிய பெட்டியாக இருக்கும், நகரத்தில் இருப்பவர்களுக்கு அது எப்போதாவது கிடைப்பது. கறி சாப்பிடுகிறவராக இருந்தால் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கவுச்சி சேராதவராக இருந்தால், எங்கள் வீட்டில் சாப்பிடுவதில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து டீ குடியுங்கள். எழுந்து போகாதீர்கள், முகம் சுளிக்காதீர்கள், போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். சீல் வேட்டை பற்றி உங்களுக்கு ஒரு கருத்து இருந்தால் அதை வெளியே வைத்துவிட்டு வாருங்கள். 1983-இல் ஐரோப்பா சீல் குட்டித் தோலுக்குத் தடை போட்டபோது, குட்டிகளை வேட்டையாடாத இனுயிட் குடும்பங்களின் வருமானமும் சேர்ந்து போனது. 2009-இல் போட்ட தடையில் இனுயிட்டுக்கு விலக்கு இருந்தும் சந்தை திரும்பி வரவில்லை.

உடுப்பு பற்றி ஒரு வார்த்தை. திருப்பூரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று காட்டன் பனியனும் தெர்மலும் மூட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள். காட்டன் வியர்வையை இழுத்து வைத்துக்கொள்ளும், மைனஸ் 20-இல் அது உடம்போடு ஒட்டினால் குளிர் ஏறிவிடும். உள்ளே கம்பளியோ சிந்தெடிக்கோ அங்கேயே வாங்குங்கள்.

துக்கம் வரும்போது

சிறிய சமூகம் என்பதால் ஒரு சாவு எல்லோருடைய சாவாகவும் இருக்கும். அமைப்பையே அன்று மூடிவிடலாம், உங்கள் சூப்பர்வைசர் வடக்கே கிளம்பிப் போய்விடலாம், உங்கள் மணிக்கணக்கு அப்படியே நிற்கும். அப்போது எனக்கு எப்போது கையெழுத்துப் போடுவீர்கள் என்று கேட்காதீர்கள். ஆரம்பத்திலேயே, பிளேஸ்மென்ட்டுக்கான ஒப்பந்தமான லேர்னிங் அக்ரிமென்ட்டில் இரண்டு மூன்று வாரம் கூடுதலாக வைத்துத் திட்டம் போடுங்கள். இனுயிட் இளைஞர்களிடையே தற்கொலை பெரிய வேதனை, அதற்கென்றே 2016-இல் இனுயிட் தாபிரீட் கனாடாமி தேசியத் திட்டம் ஒன்று கொண்டுவந்தது. அந்தச் செய்தி உங்கள் குழுவிலிருக்கும் ஒரு பையனைப் பற்றியதாக இருக்கக்கூடும். யாரிடம் சொல்ல வேண்டும், இரவில் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்பதை முதல் வாரமே கேட்டு எழுதி வையுங்கள். உங்களுக்கே தாங்க முடியவில்லை என்றால் வீட்டுக்கு போன் போட்டு அம்மாவிடம் அந்தக் குடும்பத்தின் பெயரைச் சொல்லி அழாதீர்கள், ரகசியம் காப்பது கடல் கடந்தும் பொருந்தும். ஃபீல்டு கோ-ஆர்டினேட்டரிடம் போங்கள், அதற்குத்தான் அவர் இருக்கிறார்.

குழந்தைக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தால் புகார் செய்வது சட்டப்படி உங்கள் கடமை, மாணவர் என்று விலக்கு கிடையாது. ஆனால் குடும்பம் ஏழையாக இருப்பது வேறு, குழந்தையைக் கவனிக்காமல் விடுவது வேறு. ஒரே அறையில் ஆறு பேர் தூங்குவதைப் பார்த்துக் கை பதறினால், முதலில் இனுயிட் சூப்பர்வைசரிடம் பேசுங்கள்.

எழுதுவதும் முடிப்பதும்

2018-இல் இனுயிட் தாபிரீட் கனாடாமி வெளியிட்ட ஆய்வுக் கொள்கை தெளிவாக இருக்கிறது: இனுயிட்டைப் பற்றிய ஆய்வை இனுயிட் வழிநடத்த வேண்டும், திரட்டிய தகவல் அவர்களுடையது. நுனாவுட்டுக்குள் ஆய்வு செய்ய உரிமமே வாங்க வேண்டும். பிளேஸ்மென்ட்டில் கேட்ட கதைகளை டெசர்டேஷனுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்பது அங்கே செல்லாது, சில ஊர்களில் மொத்தமே சில நூறு பேர்தான், கதையைப் பார்த்தவுடன் யார் என்று தெரிந்துவிடும். குல்லிக் என்ற சீல் எண்ணெய் விளக்கை ஒரு பெரியவர் ஏற்றும்போது எடுத்த படத்தை இன்ஸ்டாவில் போடுவதும் இதில் சேர்த்திதான்.

முடிக்கும்போது திடீரென்று மறையாதீர்கள். அந்தக் குழந்தைகளுடைய வாழ்க்கையில் வந்து போன பெரியவர்கள் அதிகம். ஒரு மாதம் முன்னாலிருந்தே கடைசி நாள் எது என்று சொல்லிக்கொண்டே இருங்கள், காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் பார்த்த வேலையை அடுத்து யார் பார்ப்பார் என்று பெயரோடு எழுதிக் கொடுங்கள், போனிலும் லேப்டாப்பிலும் இருக்கிற கோப்புகளைச் சூப்பர்வைசர் முன்னால் அழித்துவிடுங்கள். ஃபைனல் ரிப்போர்ட்டைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் அமைப்பிடம் கொடுங்கள், வேண்டாம் என்று அவர்கள் கோடு போட்ட பத்தியை, உங்கள் மார்க் அந்தப் பத்தியில்தான் இருக்கிறது என்றாலும், எடுத்துவிட்டு அனுப்புங்கள்.